லினக்ஸ் பொதி வடிகட்டி அட்டவணைகளும் நீளம் மாறும் கட்டமைப்புகளும்

லினக்ஸ் பொதி வடிகட்டி என்பது கணினிக்குள் வரும், கணினியிலிருந்து போகும், கணினி வழியாகக் கடக்கும் தரவுப் பொதிகளை விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் கர்னல் பகுதி. ஐபிடேபிள்ஸ் என்ற பெயரில் 2001 முதல் பரவலாகப் பயன்பட்ட வடிகட்டியின் விதிகள் சி மொழியின் 'நீளம் மாறும் கட்டமைப்பு' என்ற உத்தியில் நினைவகத்தில் அடுக்கப்பட்டவை. இந்த உத்தி வேகத்தையும் விரிவாகும் தன்மையையும் தந்தது. அளவுக் கணக்கில் நேர்ந்த சிறு பிழைகள் சாதாரணப் பயனர் முழுக் கணினியையும் கைப்பற்ற வழி திறந்ததும் இதே உத்தியில்தான். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

பொதியும் வடிகட்டியும்

இணையத்தில் செல்லும் எந்தச் செய்தியும் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பகுதியிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, எந்த நெறிமுறை, எந்த வாயில் எண் ஆகியவை இருக்கும். வடிகட்டி இவற்றைப் பார்த்து முடிவெடுக்கிறது. விதிகள் வரிசையாக இருக்கும். பொதி முதல் விதியோடு ஒப்பிடப்படும். பொருந்தாவிட்டால் இரண்டாவது விதி, பிறகு மூன்றாவது என்று தொடரும். எதுவும் பொருந்தாவிட்டால் இறுதியில் உள்ள பொதுக் கொள்கை நடைமுறைக்கு வரும்.

விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கூனிமேட்டு மாணவர்களுக்கு இந்த வரிசை முறை புதிதல்ல. அந்தக் கடற்கரையின் உப்பளங்களில் உவர்நீர் நேராக உப்பு விளையும் பாத்திக்குப் போவதில்லை. ஒரு பாத்தியில் தேங்கி, வெயிலில் செறிவேறி, மடை திறந்தபின் அடுத்த பாத்திக்குப் போகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள கழிவுகள் முன்பாத்திகளில் படிந்துவிட, கடைசிப் பாத்தியில் உப்பு விளைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மடையைத் திறப்பதா அடைப்பதா என்று முடிவு செய்யப்படுகிறது. வடிகட்டி விதிகளின் சங்கிலியும் இப்படித்தான் வேலை செய்கிறது.

கூனிமேட்டில் ஒருவர் தம் ஆண்ட்ராய்டு கைபேசியின் இணைய இணைப்பை ஹாட்ஸ்பாட் வழியே மற்றொருவருக்குப் பகிரும்போதும் இந்த வடிகட்டி பயன்படுகிறது. ஆண்ட்ராய்டு லினக்ஸ் கர்னலின் மீது அமைந்தது. பகிர்வுக்கான விதிகளை அது நீண்டகாலம் ஐபிடேபிள்ஸ் மூலமே எழுதி வந்தது. வீட்டில் உள்ள வைஃபை ரௌட்டர்கள் பலவற்றிலும் இதே மென்பொருள் உள்ளது.

தொடக்க வரலாறு

1992இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் பெர்க்லி பொதி வடிகட்டியை விவரித்துக் கட்டுரை எழுதினர். பொதிகளைப் பிடித்து ஆராயும் கருவிகளுக்கு அது அடிப்படையானது. பொதிகளைத் தடுக்கும் பாதுகாப்பு வடிகட்டி லினக்ஸில் வேறு வழியாக வந்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கர்னலில், 1994 இறுதியில் ஆலன் காக்ஸ் பிஎஸ்டி இயங்குதளத்தின் ஐபிஎஃப்டபிள்யூ வடிகட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். யோஸ் வோஸ் முதலானோர் அதை 2.0 கர்னலுக்காக மேம்படுத்தினர். அதை இயக்கும் கருவிக்கு ஐபிஎஃப்டபிள்யூஆட்ம் என்று பெயர். 1998இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரஸ்டி ரஸ்ஸல், மைக்கேல் நியூலிங்கின் உதவியுடன், 2.2 கர்னலுக்காக ஐபிசெயின்ஸ் என்ற அடுத்த தலைமுறையை உருவாக்கினார்.

ஐபிசெயின்ஸில் ஒவ்வொரு விதியும் ஒரே அளவுள்ள கட்டமைப்பு. ஒரு விதியிலிருந்து அடுத்த விதிக்குச் சுட்டி மூலம் செல்ல வேண்டும். எந்தெந்த நிபந்தனைகளைச் சோதிக்கலாம் என்பதும் அந்தக் கட்டமைப்பிலேயே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டிருந்தது. புதிய நிபந்தனை ஒன்று வேண்டுமென்றால் கர்னலின் கட்டமைப்பையே மாற்ற வேண்டும்.

இந்தக் குறையைப் போக்க ரஸ்ஸல் நெட்ஃபில்டர் என்ற சட்டகத்தையும் அதன்மீது ஐபிடேபிள்ஸையும் எழுதத் தொடங்கினார். பொதி செல்லும் வழியில் ஐந்து இடங்களில் கொக்கிகள் வைக்கப்பட்டன. நிபந்தனைகளும் முடிவுகளும் தனித்தனி நிரல்கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் புதிய நிபந்தனைக் கூறை எழுதிச் சேர்க்கலாம். 2001 ஜனவரியில் வெளியான 2.4 கர்னலுடன் இது பயன்பாட்டுக்கு வந்தது.

யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றால் ஒவ்வொரு கூறுக்கும் தேவைப்படும் இடமும் வேறுபடும். ஆகவே ஒரு விதியின் நீளம் முன்கூட்டித் தெரியாது. அதற்கு விடையாகத்தான் நீளம் மாறும் கட்டமைப்பு வந்தது.

சி மொழியில் நீளம் மாறும் கட்டமைப்பு

சி மொழியை டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கினார். அதில் 'ஸ்ட்ரக்ட்' எனப்படும் கட்டமைப்பு, பல்வேறு வகைத் தரவுகளை ஒரே தொகுப்பாக வைக்க உதவுகிறது. கட்டமைப்பின் அளவு நிரல் தொகுக்கப்படும்போதே முடிவாகிவிடும்.

அளவு மாறும் தகவலை வைக்க நிரலாளர்கள் ஓர் உத்தியைக் கையாண்டனர். கட்டமைப்பின் கடைசி உறுப்பாக ஓர் அணியை அறிவிப்பார்கள். நினைவகம் கேட்கும்போது கட்டமைப்பின் அளவோடு தேவையான கூடுதல் பைட்டுகளையும் சேர்த்துக் கேட்பார்கள். அந்தக் கூடுதல் இடம் முழுவதும் கடைசி அணியின் தொடர்ச்சியாகப் பயன்படும்.

பள்ளித் தேர்வின் விடைத்தாளை இதற்கு ஒப்பிடலாம். முதன்மை விடைத்தாளின் பக்கங்கள் எல்லோருக்கும் ஒன்றே. அதிகம் எழுதுபவர் கூடுதல் தாள்களை வாங்கிக் கட்டிக்கொள்வார். எத்தனை கூடுதல் தாள்கள் என்பதை முகப்பில் எழுத வேண்டும். முகப்பில் உள்ள எண்ணும் கட்டியிருக்கும் தாள்களும் ஒத்துப்போனால் சிக்கல் இல்லை. மூன்று தாள் கட்டிவிட்டு ஐந்து என்று எழுதியிருந்தால், திருத்துபவர் இல்லாத தாளைத் தேட வேண்டிவரும். மனிதர் தேடி, இல்லையென்று நிறுத்திக்கொள்வார். கணினி நிறுத்தாது, அடுத்த மாணவரின் தாளை எடுத்து அதையும் இவருடையது என்றே திருத்தும்.

தொடக்கத்தில் இந்தக் கடைசி அணியை ஓர் உறுப்புள்ளதாக அறிவிக்கும் வழக்கம் இருந்தது. மொழியின் விதி இதை வெளிப்படையாக அனுமதிக்கவில்லை; கம்பைலர் கண்டுகொள்ளாது என்ற நம்பிக்கையில் செய்தார்கள். ஜிசிசி கம்பைலர் சுழிய நீள அணியைத் தன் சொந்த விரிவாக்கமாக அனுமதித்தது. லினக்ஸ் கர்னல் ஜிசிசியை நம்பி எழுதப்பட்டதால் அதில் இந்த வடிவம் எங்கும் பரவியது. 1999ஆம் ஆண்டின் சி தரம், நீளம் குறிப்பிடாத கடைசி அணியை முறைப்படி ஏற்றுக்கொண்டது. அதாவது ஐபிடேபிள்ஸ் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் மொழித் தரமும் இந்த உத்திக்கு இடம் தந்தது.

ஐபிடேபிள்ஸ் விதியின் அமைப்பு

ஐபிடேபிள்ஸில் ஒரு விதிக்கு மூன்று பகுதிகள் உண்டு.

1. தலைப்பகுதி: முகவரிகள், இடைமுகப் பெயர்கள், நெறிமுறை ஆகியவையும், இவ்விதியில் சிக்கிய பொதிகளையும் பைட்டுகளையும் எண்ணும் கணிப்பான்களும் இதில் உள்ளன. இதன் அளவு 112 பைட்டு.

2. நிபந்தனைகள்: ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 32 பைட்டுத் தலைப்பும் அதன்பின் தனக்குரிய தரவும் உண்டு. 64 பிட் கணினியில் டிசிபி வாயில் எண்ணைச் சோதிக்கும் நிபந்தனைக்கு மொத்தம் 48 பைட்டு ஆகும். விதிக்கு விளக்கக் குறிப்பு எழுதிவைக்கும் கூறுக்கு 288 பைட்டு ஆகும்.

3. முடிவு: ஏற்பதா, விடுவதா, வேறு சங்கிலிக்குத் தாவுவதா என்பது. வழக்கமான முடிவுக்கு 64 பிட் கணினியில் 40 பைட்டு.

நிபந்தனை எதுவுமில்லாத எளிய விதிக்கு 112 + 40 = 152 பைட்டு. டிசிபி வாயிலைச் சோதிக்கும் விதிக்கு 112 + 48 + 40 = 200 பைட்டு. அதனுடன் ஒரு குறிப்பும் எழுதினால் 488 பைட்டு.

நீளம் இப்படி மாறுவதால், தலைப்பகுதியில் இரண்டு எண்கள் வைக்கப்பட்டன. முடிவுப் பகுதி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை முதல் எண் சொல்கிறது. அடுத்த விதி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. கர்னல் ஒரு விதியிலிருந்து அடுத்த விதிக்கு இந்த இரண்டாவது எண்ணைக் கூட்டியே நகர்கிறது.

எல்லா விதிகளும் இடைவெளியின்றி ஒரே நீண்ட துண்டாக நினைவகத்தில் கிடக்கின்றன. சுட்டிகளைத் தொடர்ந்து அங்குமிங்கும் தாவ வேண்டியதில்லை என்பதால் பொதிகளைச் சோதிப்பது விரைவாக நடக்கிறது. முகவரிகளுக்குப் பதில் தொலைவுகளே எழுதப்பட்டிருப்பதால் துண்டை அப்படியே வேறிடத்துக்கு நகலெடுக்கவும் முடிகிறது. விதி ஏதும் எழுதாத வெற்று வடிகட்டி அட்டவணையிலும் உள்ளீடு, கடத்தல், வெளியீடு என்ற மூன்று சங்கிலிகளுக்கு மூன்று கொள்கை விதிகளும், முடிவைக் குறிக்கும் 176 பைட்டுப் பதிவும் உண்டு. 3 × 152 + 176 = 632 பைட்டு என்பது அதன் அளவு.

நினைவகம் ஒதுக்குதல்

ஐபிடேபிள்ஸில் ஒரே ஒரு விதியைச் சேர்க்க வேண்டுமானாலும், பயனர் பகுதியில் உள்ள கருவி முழு அட்டவணையையும் கர்னலிடமிருந்து வாங்கி, புதிய விதியைச் செருகி, முழுவதையும் திருப்பி அனுப்புகிறது. கர்னல் புதிய அட்டவணைக்கு இடம் ஒதுக்கி, உள்ளடக்கத்தை நகலெடுத்து, சரிபார்த்து, பழையதை அகற்றிவிட்டுப் புதியதை வைக்கிறது. மாற்றம் பாதியில் நிற்காது என்பது இதன் நன்மை. 1,000 டிசிபி விதிகள் உள்ள அட்டவணையில் ஒரு விதியைச் சேர்க்க 2,00,000 பைட்டுக்கு மேல் இருமுறை பயணிக்க வேண்டும் என்பது இதன் விலை.

கர்னலில் நினைவகம் கேட்க இரண்டு வழிகள் உண்டு. கேமல்லாக் என்பது உண்மை நினைவகத்தில் அடுத்தடுத்துள்ள இடத்தைத் தருகிறது. பெரிய துண்டு கேட்டால் கிடைப்பது அரிது. வீமல்லாக் என்பது சிதறிக் கிடக்கும் பக்கங்களைச் சேர்த்து, தொடர்ச்சியானதுபோல் காட்டித் தருகிறது; பெரிய அளவுக்கு ஏற்றது. வடிகட்டி அட்டவணை சிறியதாக இருந்தால் முதல் வழியும், பெரியதாக இருந்தால் இரண்டாவது வழியும் கையாளப்பட்டன. முதல் வழியை முயன்று, முடியாவிட்டால் தானே இரண்டாவது வழிக்கு மாறும் பொதுச் செயற்கூறு 2017இல் கர்னலில் சேர்ந்தது.

பல செயலிகள் உள்ள கணினியில், ஒவ்வொரு செயலியும் தன் கணிப்பான்களைத் தடையின்றிக் கூட்டிக்கொள்ள, அட்டவணையின் தனிப் பிரதி ஒவ்வொன்றுக்கும் வைக்கப்பட்டிருந்தது. எட்டுச் செயலி என்றால் எட்டுப் பிரதி. 2015இல் வெளியான 4.2 கர்னலில், விதிகளுக்கு ஒரே பிரதியும் கணிப்பான்களுக்கு மட்டும் தனித்தனி இடமும் என்று மாற்றப்பட்டது.

32 பிட்டும் 64 பிட்டும்

கம்பைலர் ஒவ்வொரு வகைத் தரவையும் அதற்கு வசதியான எல்லையில் வைக்கிறது. 32 பிட் இன்டெல் கணினியில் அந்த எல்லை 4 பைட்டுக்கு ஒருமுறை; 64 பிட் கணினியில் 8 பைட்டுக்கு ஒருமுறை. ஆகவே வழக்கமான முடிவுப் பகுதி 32 பிட்டில் 36 பைட்டாகவும், 64 பிட்டில் 4 பைட்டு வெற்றிடம் சேர்ந்து 40 பைட்டாகவும் அமைகிறது. டிசிபி நிபந்தனையும் 44, 48 என்று வேறுபடுகிறது. 64 பிட்டில் 200 பைட்டான விதி 32 பிட்டில் 192 பைட்டுதான்.

64 பிட் கர்னலின்மீது 32 பிட் கருவி இயங்கினால் இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய வேண்டும். அதற்கான மொழிபெயர்ப்பு நிரல் 2006இல் கர்னலில் சேர்ந்தது. வந்த அட்டவணையின் ஒவ்வொரு விதியையும் விரித்து, வெற்றிடங்களைச் சுழியத்தால் நிரப்புவது அதன் வேலை. விரிந்தபின் ஆகும் மொத்த அளவை முன்கூட்டியே சரியாகக் கணக்கிட்டால்தான் ஒதுக்கிய இடம் போதும்.

கணக்குத் தவறியபோது

உப்பளத்தில் ஒரு பாத்தியின் கொள்ளளவுக்கு மேல் நீர் விட்டால் வரப்பு உடைந்து அடுத்த பாத்தி கெடும். நினைவகத்திலும் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதினால் பக்கத்தில் உள்ள வேறொரு தரவு அழியும். கர்னலில் அந்தப் பக்கத்துத் தரவு, யாருக்கு என்ன அதிகாரம் என்பதைத் தீர்மானிப்பதாகவும் இருக்கலாம்.

தொடக்க ஆண்டுகளில் இது பெரிய ஆபத்தாகக் கருதப்படவில்லை. அட்டவணையை மாற்றும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே இருந்தது. அவருக்கு ஏற்கெனவே எல்லா அதிகாரமும் உண்டு. 2013இல் வெளியான 3.8 கர்னலில் இந்த நிலை மாறியது. சாதாரணப் பயனரும் தமக்கென ஒரு தனிப் பெயர்வெளியை உருவாக்கி, அதற்குள் நிர்வாகியாக இருக்க வழி வந்தது. கன்டெய்னர் தொழில்நுட்பத்துக்கு இது உதவியது. உபுண்டு போன்ற வழங்கல்களில் இது இயல்பாகவே திறந்திருந்தது. நிர்வாகியை மட்டும் நம்பி எழுதப்பட்ட பழைய நிரலை இப்போது யாரும் எட்ட முடிந்தது.

2016இல் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த பென் ஹாக்ஸ் ஒரு குறையை வெளிப்படுத்தினார். அடுத்த விதி எங்கே என்று சொல்லும் எண்ணைக் கர்னல் போதிய அளவு சரிபார்க்கவில்லை. அட்டவணைக்கு வெளியே உள்ள இடத்தை அடுத்த விதி என்று காட்டினால், கர்னல் அங்கே போய் எழுதவும் செய்தது. இது சிவிஇ-2016-3134 எனப் பதிவானது.

அதன் அடுத்த எண்ணான சிவிஇ-2016-3135, 32 பிட் கணினிகளில் அளவைக் கூட்டும் இடத்தில் இருந்த குறை. 32 பிட் எண்ணின் எல்லை 4,29,49,67,295. அதற்கு மிக அருகில் உள்ள அளவைக் கேட்டு, அதனுடன் தலைப்பின் அளவையும் கூட்டினால், வண்டியின் தூரமானி 99999க்குப் பின் 00000 ஆவதுபோல் எண் சுழன்று சிறியதாகிவிடும். சிறிய இடமே ஒதுக்கப்படும். ஆனால் பெரிய அட்டவணைக்கு இடம் கிடைத்ததாக நிரல் நம்பும். பின்னர் கூட்டுத்தொகை தலைப்பைவிடச் சிறியதா என்று பார்க்கும் சோதனையும், அட்டவணைக்கு 512 மெகாபைட் உச்சவரம்பும் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டில் 32 பிட் மொழிபெயர்ப்பு நிரலிலும் சரிபார்ப்புக் குறை ஒன்று (சிவிஇ-2016-4997) வெளியானது.

எல்லாவற்றிலும் நீண்டகாலம் மறைந்திருந்தது சிவிஇ-2021-22555. மொழிபெயர்ப்பு நிரல் முடிவுப் பகுதியின் வாலில் உள்ள வெற்றிடத்தைச் சுழியத்தால் நிரப்பும்போது, அந்த வெற்றிடம் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்குகிறதா என்று கணக்கில் கொள்ளவில்லை. சில பைட்டுச் சுழியங்கள் எல்லையைத் தாண்டி விழுந்தன. 2006இல் 2.6.19 கர்னலில் நுழைந்த இந்தப் பிழையை ஆண்டி நுயென் கண்டறிந்து 2021 ஜூலையில் விவரங்களை வெளியிட்டார். எல்லை தாண்டும் இரண்டே சுழியப் பைட்டுகளைக் கொண்டு பக்கத்தில் உள்ள ஒரு சுட்டியைத் திசைதிருப்பி, கர்னலின் முழு அதிகாரத்தையும் பெறலாம் என்று அவர் செய்து காட்டினார். கூகுள் நடத்திய போட்டிக் களத்தில் கன்டெய்னரிலிருந்து வெளியேறவும் அது பயன்பட்டது. அதற்குக் கிடைத்த 10,000 டாலர் பரிசு அறப்பணிக்குச் சென்றது. ஃபுளோரியன் வெஸ்ட்பால் எழுதிய திருத்தம் 2021 ஏப்ரலிலேயே கர்னலில் சேர்ந்துவிட்டது. தொடக்கத்திலேயே முழு இடத்தையும் சுழியமாக்கிவிட்டு, பின்னர் வாலை நிரப்பும் வேலையையே நீக்கிவிடுவது அந்தத் திருத்தம்.

கற்றுக்கொண்டவை

நெட்ஃபில்டர் குழுவின் பாட்ரிக் மெக்ஹார்டி 2009இல் என்எஃப்டேபிள்ஸ் என்ற மாற்றை அறிவித்தார். பாப்லோ நெய்ரா அயூசோ அதைத் தொடர்ந்து வளர்த்தார். 2014 ஜனவரியில் வெளியான 3.13 கர்னலில் அது இடம்பெற்றது. இதிலும் ஒரு விதியின் வாலில் நீளம் மாறும் பகுதி உண்டு. ஆனால் பயனர் பகுதியிலிருந்து நினைவகத் துண்டு அப்படியே வருவதில்லை. ஒவ்வொரு தகவலும் தன் வகையையும் நீளத்தையும் தாங்கித் தனித்தனியாக வருகிறது. கர்னல் அவற்றைப் படித்து, தேவையான இடத்தைத் தானே கணக்கிட்டு, கட்டமைப்பைத் தானே கட்டுகிறது. 32, 64 பிட் மொழிபெயர்ப்புக்கும் ஒரு விதிக்காக முழு அட்டவணையை மாற்றுவதற்கும் தேவை இல்லாமல் போயின. 2019இல் வெளியான டெபியன் 10 முதல் ஐபிடேபிள்ஸ் கட்டளையே உள்ளுக்குள் என்எஃப்டேபிள்ஸைப் பயன்படுத்தும் வகையில் இயல்பாக அமைக்கப்பட்டது. புதிய அமைப்பிலும் பிழைகள் வராமல் இல்லை. ஆயினும் இந்த ஒருவகைப் பிழைக்கான வாசல் குறுகியது.

கர்னல் முழுவதிலும் இதற்கு இணையான சீர்திருத்தம் நடந்தது. கீஸ் குக் 2018இல், தலைப்பின் அளவையும் வாலின் அளவையும் கூட்டும்போது எண் சுழன்றுவிடாமல் காக்கும் பொதுச் செயல்முறையை 4.18 கர்னலில் சேர்த்தார். கஸ்டாவோ சில்வா முதலானோர் பழைய சுழிய நீள, ஓருறுப்பு அணிகளைத் தேடித்தேடி 1999ஆம் ஆண்டுத் தரத்தின் வடிவத்துக்கு மாற்றி வந்தனர். 2023 முதல், வாலில் எத்தனை உறுப்புகள் என்று சொல்லும் எண் எது என்பதைக் கம்பைலருக்கே தெரிவிக்கும் குறிப்பு கட்டமைப்புகளில் சேர்க்கப்படுகிறது. விடைத்தாள் முகப்பில் உள்ள எண்ணைத் திருத்துபவர் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

தமிழ்நாட்டில்

சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே அதனுடன் நெட்ஃபில்டரும் வருகிறது. தமிழ்நாடு அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் மூலம் பாஸ் லினக்ஸ் பல வீடுகளுக்குச் சென்றது. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும், சென்னையிலும் விழுப்புரத்திலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்களும் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் அறிமுகப்படுத்தி வருகின்றன.

இங்கு விவரிக்கப்பட்ட கட்டமைப்புகள், அவற்றில் நேர்ந்த பிழைகள், திருத்தங்கள் அனைத்தும் கர்னலின் மூலநிரலிலும் அதன் மாற்ற வரலாற்றிலும் வெளிப்படையாக உள்ளன. சி மொழி பயிலும் கல்லூரி மாணவர், கூனிமேட்டில் இருந்தபடியே, 112 பைட்டு எப்படி வந்தது என்று உறுப்பு உறுப்பாகக் கூட்டிப் பார்க்கலாம். திறந்த மூலநிரலாக இருந்தும் ஒரு பிழை 15 ஆண்டுகள் தங்கியதற்கு, அந்தப் பக்கத்தைக் கணக்குப் போட்டுப் படித்தவர்கள் குறைவாக இருந்ததே காரணம். படிப்பவர் எண்ணிக்கை கூடினால் அந்தக் காலம் குறையும்.